ஸ்ரீரங்கப்பட்டணத்து எருதும் அதனை ஈன்ற பசுவும்

மைசூரிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் வந்ததும், காவிரி இரு கிளையாகப் பிரிந்து ஒரு தீவைச் சூழ்ந்து ஓடுவதைக் காண்கிறோம். அத்தீவே ஸ்ரீரங்கப்பட்டணம். பெங்களூரிலும் மைசூரிலும் கோலார் தங்கவயலிலும் குடியேறி வாழும் நம்மவர், ஊரிலிருந்து உறவினர் வந்தால் அழைத்துச் சென்று காட்டும் இடங்களுள் இதுவும் ஒன்று. அரங்கநாதரைச் சேவித்த பிறகு தரியா தௌலத் மாளிகைக்குப் போவது வழக்கம். திப்பு சுல்தான் 1784-ல் எழுப்பிய அம்மாளிகையின் மேற்குச் சுவரில் பெரியதொரு போர்க்களக் காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. அது எங்கே நடந்த போர் என்று கேட்போர் சிலரே. காஞ்சிபுரத்துக்கு அருகேயுள்ள பொள்ளிலூரில் 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் நடந்த போர் அது. கம்பெனிப் படையின் வெடிமருந்து வண்டி தீப்பற்றிச் சிதறுவதும், கர்னல் பெய்லி பல்லக்கில் அமர்ந்திருப்பதும் அச்சுவரில் இன்றும் தெரிகின்றன.

ஓவியத்தைப் பார்த்துக் குதிரை வீரர்களை வியக்கிறோம். பீரங்கிகளை இந்தத் தீவிலிருந்து மலைக் கணவாய்களைத் தாண்டித் தமிழ்நாட்டுச் சமவெளிக்கு இழுத்து வந்தது யார் என்று எண்ணுவதில்லை. இழுத்து வந்தவை எருதுகள். அந்த எருதுகள் இல்லையேல் அந்தப் போரும் இல்லை, ஓவியமும் இல்லை.

எருது என்பது காயடிக்கப்பட்ட ஆண் மாடு. அதற்கு வலிமை உண்டு, பொறுமை உண்டு; சந்ததி இல்லை. ஆயிரம் எருதுகள் வேண்டுமாயின் அவற்றை ஈன்ற பசுக்கள் வேண்டும். காயடிக்கப்படாமல் விடப்பட்ட ஒரு சில பொலிகாளைகள் வேண்டும். ஆகவே ஸ்ரீரங்கப்பட்டணத்து அரசின் படைபலம், சற்றே ஆழ்ந்து நோக்கினால், சில காளைகளின் விரைகளையும் பல பசுக்களின் கருப்பைகளையும் நம்பியிருந்தது எனலாம். இன்றைய உரையில் நாம் பேச எடுத்துக்கொண்டது அவ்வுறுப்புகளைப் பற்றியே.

இப்படி வெளிப்படையாகச் சொல்லும்போது கூச்சப்படுவோர் உண்டு. நம் பாட்டனார் கூச்சப்படவில்லை. "மாடு காளைக்கு வந்திருக்கிறது" என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே உரக்கச் சொன்னார்கள். கூச்சம் நகரத்துக்கு வந்த பின் நாம் கற்றுக்கொண்டது. அந்தக் கூச்சத்தால் நட்டமடைவது மாடு. சினை பிடிக்காத பசுவை மலடு என்று முத்திரை குத்திச் சந்தைக்கு ஓட்டிவிடுகிறோம். குற்றம் பசுவிடம் இருந்ததா, காளையிடம் இருந்ததா, நம்மிடமே இருந்ததா என்று ஆராய்வதில்லை.

முதலில் மந்தையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். விஜயநகரப் பேரரசின் பிரதிநிதி இத்தீவில் அமர்ந்து ஆண்ட காலத்தில், அதாவது 1572-க்கும் 1600-க்கும் இடையில், ஹள்ளிகார் இனப் பசுக்கள் இங்குக் கொண்டுவரப்பட்டன. 1610-ல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றியபோது மந்தையும் அவர் வசமாயிற்று. 1673 முதல் 1704 வரை ஆண்ட சிக்க தேவராஜ உடையார் அதற்கெனத் தனி இலாகாவை ஏற்படுத்தி 'பெண்ணே சாவடி' எனப் பெயரிட்டார். தமிழில் வெண்ணெய்ச் சாவடி. ஹைதர் அலி பல பாளையங்களின் மாடுகளைச் சேர்த்து மந்தையைப் பெருக்கினார். திப்பு அதன் பெயரை 'அமிர்த மஹால்' என மாற்றினார். சிதம்பரத்தைக் காக்க ஹைதர் இரண்டரை நாளில் நூறு மைல் விரைந்தது இம்மாடுகளின் துணையால்தான் என வரலாறு எழுதியோர் குறிப்பர்.

1799 மே 4-ஆம் நாள் கோட்டை வீழ்ந்த பின் மந்தை கம்பெனியாரிடம் சென்றது. 1860-ல் சென்னை அரசாங்கத்தார் சிக்கனம் கருதி அதைக் கலைத்து மாடுகளை விற்றனர். தரமான இழுவை மாடு கிடைக்காமல் திண்டாடிய பிறகு 1866-ல் மீண்டும் மந்தையைத் திரட்ட வேண்டியதாயிற்று. ஆறே ஆண்டுகளில் மனம் மாற வைத்தது எது? பீரங்கியை வார்ப்படச் சாலையில் வார்த்துவிடலாம். நல்ல எருதை அவ்வாறு வார்க்க முடியாது. பசு கருவுற வேண்டும்; சுமார் 285 நாள் சுமக்க வேண்டும்; கன்று நான்கு ஆண்டு வளர வேண்டும்.

இனிக் காளையைப் பார்ப்போம். அதன் விரைகள் உடலுக்கு வெளியே, பின்னங்கால்களின் இடையில், ஒரு தோற்பையில் தொங்குகின்றன. இவ்வளவு அருமையான பொருளை இயற்கை ஏன் வெளியே தொங்கவிட்டது? மாட்டின் உடல் வெப்பம் 38.5 பாகை. அந்த வெப்பத்தில் விந்தணு உருவாவதில்லை. அதற்குச் சில பாகை குறைவான குளிர்ச்சி வேண்டும். வெயில் நேரத்தில் பை தளர்ந்து கீழே இறங்குகிறது. குளிர்ந்த விடியலில் சுருங்கி உடலோடு ஒட்டிக்கொள்கிறது. விரைக்கு இரத்தம் கொண்டுவரும் தமனி நேராக இறங்காமல் சுருண்டு சுருண்டு வருகிறது. அதைச் சுற்றி மேல்நோக்கிச் செல்லும் சிரைகள் வலைபோல் பின்னியிருக்கின்றன. கீழிருந்து திரும்பும் குளிர்ந்த இரத்தம், மேலிருந்து வரும் சூடான இரத்தத்தின் வெப்பத்தை வழியிலேயே வாங்கிக்கொள்கிறது. தண்ணீர்ப் பானையை ஈரமணலில் பதித்து வைப்பது போன்ற ஏற்பாடு இது.

எல்லா விலங்குக்கும் இதே விதி என்று எண்ணிவிட வேண்டா. ராஜ உடையார் 1610-ல் இத்தீவில்தான் தசராத் திருவிழாவைத் தொடங்கினார். அவ்விழாவின் நாயகனாகிய யானைக்கு விரைகள் வயிற்றுக்குள்ளேயே சிறுநீரகத்தின் அருகே இருக்கின்றன. சேவலுக்கும் அப்படியே. அவற்றின் உடல் அந்த வெப்பத்திலேயே வேலையை முடித்துக்கொள்கிறது. ஆனால் காளைக்கு ஒரு விரையோ இரண்டுமோ பைக்குள் இறங்காமல் வயிற்றிலேயே தங்கிவிட்டால் அது குறைபாடு. இரண்டும் இறங்காத காளை பசுவைக் கண்டால் பாயும். கன்று மட்டும் பிறக்காது. ஒன்று மட்டும் இறங்கிய காளைக்குக் கன்று பிறக்கக்கூடும். ஆயினும் அக்குறை பரம்பரையாகத் தொடரும் தன்மையுடையது. ஆகவே எவ்வளவு அழகிய கொம்பிருந்தாலும் அதைப் பொலிகாளையாக வைத்தல் ஆகாது. கன்று வாங்கும்போது கொம்பையும் திமிலையும் பார்க்கும் நாம், குனிந்து இரண்டு விரைகளும் ஒத்த அளவில் இருக்கின்றனவா என்று பார்ப்பது அரிது.

காலக்கணக்கு ஒன்றும் அறியவேண்டுவது. விரையினுள் நுண்ணிய குழல்கள் நூற்கண்டுபோல் நிறைந்துள்ளன. அங்கே ஒரு விந்தணு உருப்பெறச் சுமார் 61 நாட்கள் ஆகின்றன. பிறகு அது விரையை ஒட்டியுள்ள சுருள்குழாய்க்குள் நுழைகிறது. கையளவே தோன்றும் அக்குழாயைப் பிரித்து நீட்டினால் 30 மீட்டருக்கு மேல் நீளும். அதனூடே நகர்ந்து முதிர்ந்து நீந்தும் திறன் பெற மேலும் ஒரு வாரத்துக்குக் குறையாது. ஆக, இன்று காளை வெளிப்படுத்தும் விந்து இரண்டு மாதங்களுக்கு முன்பே தொடங்கப்பட்டது. கோமாரி கண்டு சித்திரையில் கடுங்காய்ச்சலில் கிடந்த காளை வைகாசியில் எழுந்து நன்றாக மேயும்; ஆனியில் அதனிடம் கொண்டுசென்ற பசுக்கள் சினை பிடிக்காமல் திரும்பும். ஊரார் பசுக்களைப் பழிப்பார்கள். காய்ச்சலை யாரும் நினைவுகூர மாட்டார்கள்.

விரைக்கு இன்னொரு தொழிலும் உண்டு. ஆண்தன்மை தரும் சுரப்பு நீர் அங்கிருந்தே இரத்தத்தில் கலக்கிறது. கழுத்து தடிப்பதும் திமில் எழுவதும் குரல் முழங்குவதும் அதன் விளைவு. கன்றாக இருக்கும்போதே காயடித்துவிட்டால் கால் எலும்புகள் நெடுநாள் வளர்ந்து மாடு உயரமாகும். ஆனால் கழுத்தும் திமிலும் தேறா. நுகத்தடி தாங்குமிடம் திமிலின் முன்புறம் என்பதை அறிந்த நம் உழவர், இழுவைக்கு உரிய கன்றை இரண்டு மூன்று வயதுவரை விட்டு வைத்துப் பிறகே காயடித்தனர். சுரப்பு நீரின் பெயர் அவர்களுக்குத் தெரியாது, பயன் தெரிந்திருந்தது. அவர்கள் காயடித்த முறையை மட்டும் நாம் பாராட்டுவதற்கில்லை. மாட்டைக் கட்டி வீழ்த்திக் கல்லாலும் கட்டையாலும் நசுக்கியது பெருங்கொடுமை. விரைக்குச் செல்லும் இரத்தக் குழல்களும் விந்துநாளமும் ஒரே வடமாகச் சேர்ந்து மேலிருந்து இறங்குகின்றன. அவ்வடத்தை மட்டும் தோல் கிழியாமல் நெரித்துவிட்டால் போதுமானது. பர்டிசோ என்னும் இத்தாலிய இடுக்கி செய்வது அதைத்தான். மருத்துவர் மரத்துப்போகும் மருந்து கொடுத்து இடுக்கியைப் பயன்படுத்தினால் மாடு சிறிது நேரத்தில் எழுந்து நிற்கும். ஆனால் நெரித்த அன்றே காளை மலடாகிவிடாது. நாளத்தில் முன்பே ஏறிவிட்ட விந்தணுக்கள் சில வாரம் உயிரோடிருக்கும். அதுவரை அதைப் பசுக்களிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

காளையின் ஆண்குறி நாய்க்கும் குதிரைக்கும் உள்ளதுபோல் அன்று. நாரால் ஆனது, எப்போதும் ஓரளவு விறைப்பாகவே இருப்பது. உடலுக்குள் ஆங்கில 'எஸ்' எழுத்தைப்போல் மடங்கிக் கிடக்கிறது. சேரும் வேளையில் அம்மடிப்பு நிமிர்வதால் நீளுகிறது. கணப்பொழுதில் வேலை முடிந்து, ஒரு தசைநார் அதைப் பழையபடி உள்ளே இழுத்துக்கொள்கிறது. வெளிப்படும் விந்து ஐந்து மில்லிலிட்டர் அளவுதான். அதில் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் ஏறத்தாழ நூறு கோடி விந்தணுக்கள். செம்மறிக்கடாவுக்கு ஒரு மில்லிலிட்டரே. ஆனால் அது மிகச் செறிவானது. மைசூர் மாவட்டத்துப் பன்னூரைச் சுற்றி வளர்க்கப்படும் குட்டைக்கால் பண்டூர் ஆட்டைப் பலரும் பார்த்திருக்கலாம்; அந்தக் கடாவின் குறி நுனியிலும், மற்றச் செம்மறிக்கடாக்களைப் போலவே, சிறு புழுப்போல் ஒரு நீட்சி உண்டு. அது கடாவுக்கு இயல்பாக அமைந்தது. நோய் என்று கருதி வெட்டிவிடக் கூடாது. பன்றியின் குறி திருகாணிபோல் முறுக்குடையது. பெண்பன்றியின் கருப்பை வாயும் அதற்கேற்பத் திருகுடையது. பன்றி வெளிப்படுத்தும் விந்து 200 மில்லிலிட்டருக்கு மேலும் போகும்.

பசுவின் உறுப்புகளை நாம் வெளியிலிருந்து பார்க்க முடியாது. கால்நடை மருத்துவரோ அவற்றைக் கண்ணால் பாராமலே கையால் அறிகிறார். உறையணிந்த கையை மலக்குடலில் செலுத்தினால் அதன் அடித்தளத்திற்குக் கீழே கருப்பை கிடக்கிறது. இடையே மெல்லிய குடற்சுவர் ஒன்றே திரை. முதலில் விரல்களுக்குத் தட்டுப்படுவது கருப்பை வாய். மற்ற உறுப்புகளெல்லாம் மென்மையாக வழுக்கிச் செல்ல, இது மட்டும் கெட்டியாக, கணுக்கணுவாக, மாண்டியாவில் விளையும் கரும்பின் சிறு துண்டுபோல் இருக்கும். எட்டுப் பத்து சென்டிமீட்டர் நீளம். உள்ளே மூன்று நான்கு வளையங்கள், ஒன்றன்பின் ஒன்றாக வாயில் காக்கின்றன. வேட்கைக் காலத்தில் மட்டும் சற்றே நெகிழ்ந்து தெளிந்த வழும்பை ஒழுகவிடும். சினையானபின் கெட்டிக் கோழையால் அடைத்துக்கொண்டு, கன்று ஈனும் நாள்வரை திறவாது.

வாயைக் கடந்தால் கருப்பையின் உடல். அது மிகக் குட்டை, இரண்டு மூன்று விரல் அளவே. உடனே அது இரு கொம்புகளாகப் பிரிகிறது. செம்மறிக்கடாவின் கொம்புபோல் முன்னே சென்று கீழ்நோக்கிச் சுருளும் அக்கொம்புகளில் ஒன்றில்தான் கன்று வளரும். கொம்பு நுனியிலிருந்து நூலிழை போன்ற சினைக்குழாய்; அதன் கோடியில், பாதாம் பருப்பின் வடிவில், சினைப்பை. பசு இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை அங்கே ஒரு முட்டையை முதிர்விக்கிறது. நீர்க்கொப்புளம்போல் புடைத்து வெடித்து முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சள் நிறத் திரட்சி ஒன்று உண்டாகிறது. கருத் தங்கினால் அத்திரட்சி நிலைத்து நின்று சினையைக் காக்கும். தங்காவிடில் கரைந்துபோக, அடுத்த முறை தொடங்கும். திப்பு குதிரைப் படைக்காகக் குணிகலில் ஏற்படுத்திய பண்ணைக் குதிரைகளுக்கு மட்டும் இங்கே ஒரு வேற்றுமை உண்டு. பெண்குதிரையின் சினைப்பையில் எங்கு வேண்டுமானாலும் முட்டை வெடித்து வெளிவராது. அதற்கென ஒரு பள்ளம் இருக்கிறது, அவ்வழியாகவே வரும்.

இவ்வுடலமைப்பைக் கையால் அறிந்ததன் பயன் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அண்மையிலேயே விளைந்தது. 1939-ல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத் குமாரன் என்பவர் ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன் காளையின் விந்தைச் சேகரித்து ஹள்ளிகார் பசுக்களுக்குச் செயற்கை முறையில் செலுத்தினார். 33 பசுக்கள் சினையுற்றன. இந்தியாவில் செயற்கைக் கருவூட்டல் முதன்முதலில் நிறைவேறியது அங்கேதான். 1942-ல் இஸத்நகர் ஆராய்ச்சி நிலையத்தில் இம்முறை விரிவாக ஆராயப்பட்டது. 1943-ல் அலகாபாத் வேளாண்மைக் கழகத்தில் இம்முறையால் எருமைக் கன்று ஒன்று பிறந்தது. அக்காலத்தில் விந்தைச் சில நாள் மட்டுமே குளிரில் காக்க முடிந்தது. 1949-ல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் கிளிசரின் சேர்த்தால் விந்தணு உறைபனியிலும் சாகாது என்று கண்டபின் நிலைமை மாறிற்று. இன்று மைனஸ் 196 பாகையில் திரவ நைட்ரஜனில் முழுகிக் கிடக்கும் சிறு குழல் ஒன்றில் இரண்டு கோடி விந்தணுக்கள் உறங்குகின்றன. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் அத்தகைய விந்துக் குழல்களைத் தயாரிக்கும் நடுவண் அரசு நிலையம் இருக்கிறது.

ஊரில் இதற்கு 'சினை ஊசி' என்று பெயர். உண்மையில் ஊசியே இல்லை, குத்தலும் இல்லை. ஒரு கை மலக்குடல் வழியே கருப்பை வாயைப் பற்றிக்கொள்ள, மற்றொரு கை மெல்லிய உலோகக் குழலைப் பிறப்புறுப்பின் வழியே செலுத்துகிறது. குழலின் நுனியை முதலில் மேல்நோக்கிப் பிடிக்க வேண்டும். கீழே சிறுநீர்ப் பைக்குச் செல்லும் துளையும், அதன் அருகே ஒரு முட்டுச் சந்தும் இருக்கின்றன. பின் மூன்று நான்கு வளையங்களையும் ஒவ்வொன்றாகக் கடந்து, கருப்பையின் அந்தக் குட்டையான உடலில் விந்தை விட வேண்டும். ஒரு விரற்கடை முன்னே போனால் ஒரு கொம்பில் மட்டும் போய்ச் சேரும். ஒரு விரற்கடை பின்னே நின்றால் வளையத்துக்குள் வீணாகும். இரண்டு மூன்று விரல் அகலத்துக்குள் தங்கியிருக்கிறது ஓர் ஆண்டின் கன்றும் பாலும்.

1939-ன் வெற்றியைப் பற்றி நமக்கு இரண்டு மனம் உண்டு. இழுவைக்கென்று முந்நூறாண்டு தெரிந்தெடுத்த இனத்தில் அயல்நாட்டுக் கறவை இரத்தம் கலந்தது, பால் பெருகிற்று. டிராக்டர் வந்தது, எருதின் தேவை அருகியது, ஊருக்கொரு பொலிகாளை வைக்கும் வழக்கமும் மறைந்தது. அமிர்த மஹால் மாடு இன்று சிக்கமகளூர் மாவட்டத்து அஜ்ஜம்புரப் பண்ணையிலும் அதனைச் சேர்ந்த மேய்ச்சல் காவல்களிலுமே பெரும்பாலும் நிற்கிறது. ஹள்ளிகாருக்கும் நம் காங்கேயத்துக்கும் 2000-ஆம் ஆண்டு அஞ்சல் தலை கிடைத்தது. உறவுமுறையில் இரண்டும் ஒரே மைசூர் வகையைச் சேர்ந்தவை. அஞ்சல் தலையில் இடம் பெறுவது பெருமைதான். ஆனால் இனம் பிழைப்பது அஞ்சல் தலையால் அன்று, பொலிகாளையால். கொங்கு நாட்டில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் காங்கேயக் காளைகளைத் தெரிந்து காத்ததுபோல் எல்லா இனத்துக்கும் காவலர் வாய்க்கவில்லை. குழலைக் குறைசொல்வதற்கில்லை. அயல் காளையின் விந்தைத் தாங்கும் அதே குழல் ஹள்ளிகாரின் விந்தையும் தாங்கும். எதைக் கேட்டு வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி.

இப்போது நாம் தொடக்கத்தில் குறித்த மலட்டுப் பழிக்கு வருவோம். பசுவுக்கு மற்ற வீட்டு விலங்குகள் பலவற்றுக்கு இல்லாத இயல்பு ஒன்று உண்டு. வேட்கை முடிந்து பத்துப் பன்னிரண்டு மணிநேரம் சென்ற பிறகே அதன் முட்டை வெளிவருகிறது. வேட்கை நீடிப்பதோ பதினெட்டு மணிநேரத்துக்குள். நம் திமிலுடைய நாட்டு மாடுகளில் இன்னும் குறைவு. பலவற்றில் அது இரவில் தொடங்கி விடியலில் தணிந்துவிடும். உரிமையாளர் காலை ஏழு மணிக்குத் தொழுவத்துக்கு வரும்போது பசு அமைதியாக அசைபோட்டுக்கொண்டிருக்கும். "இது காளைக்கே வருவதில்லை" என்பார். வந்தது, அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்பதே உண்மை. எருமையோ இன்னும் ஊமை; கத்தாது, பிறவற்றின்மேல் தாவுவதும் அரிது; வழும்பையும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதையும் கொண்டு உய்த்துணர வேண்டும்.

இன்னொரு தவறு, கத்தியவுடனே ஓடிச்சென்று ஊசி போடுவது. முட்டை வருவதற்கு ஒரு நாள் இருக்கும்போதே விந்தணு போய்க் காத்திருந்து களைத்துச் செத்துவிடுகிறது. மூன்று முறை இப்படிப் பொய்த்தால் நான்காம் முறை சந்தை. சந்தைக்குப் போகும் மலட்டுப் பசுக்களில் எத்தனை பசுக்கள் கடிகாரத்தின் பிழையால் போகின்றன என்று எண்ணும்போது மனம் கலங்குகிறது.

பிறவி மலடும் உண்டு. அதை மறைத்தல் ஆகாது. பசு இரட்டைக் கன்று ஈன்று, ஒன்று காளைக் கன்றாகவும் மற்றொன்று கிடாரியாகவும் இருந்தால், அந்தக் கிடாரி நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் மலடாகவே இருக்கும். வயிற்றுக்குள் இரண்டின் கொடிகளும் இணைந்து இரத்தம் கலந்துவிட, ஆண் கன்றின் சுரப்புகள் பெண் கன்றின் கருப்பையையும் சினைப்பையையும் வளரவிடாமல் தடுத்துவிடுகின்றன. வெளியில் பார்த்தால் அழகான கிடாரி. உள்ளே பாதி கட்டிய வீடு. உடன் பிறந்த காளைக் கன்றுக்கோ பெரும்பாலும் குறையில்லை. இரட்டையில் பிறந்த கிடாரியை விலை கொடுத்து வாங்குவோர் முன்னதாகவே மருத்துவரிடம் காட்டுவது நலம். கோவேறு கழுதையின் மலட்டுத் தன்மை வேறு வகை: குதிரைக்கு 64 மரபுத்திரிகள், கழுதைக்கு 62, இரண்டின் பிள்ளைக்கு 63, அவை சோடி சேர முடிவதில்லை.

கோழியைச் சொல்லாமல் விட்டால் வீட்டிலிருக்கும் தாய்மார்கள் கோபிப்பார்கள். பெட்டைக்கு இடப்புறச் சினைப்பை மட்டுமே வளர்கிறது. வலப்புறம் குஞ்சிலேயே தேய்ந்துவிடும். மஞ்சட்கரு குழாயில் விழுந்து, வெண்கருவும் சவ்வும் பெற்று, ஓடு பூசும் அறையில் மட்டும் சுமார் இருபது மணிநேரம் தங்குகிறது. சேவல் ஒருமுறை சேர்ந்தால் விந்தணுக்கள் பெட்டையின் குழாய் மடிப்புகளில் இரண்டு வாரம் வரை உயிருடன் காத்திருக்கும். சேவலை விற்ற மறுவாரமும் குஞ்சு பொரிக்கும் முட்டை கிடைப்பது இதனால்தான்.

ஈன்ற பிறகு நேரும் ஒரு கொடுமையையும் சொல்லியாக வேண்டும். பசுவின் கருப்பைச் சுவரில் 70 முதல் 120 வரை பொத்தான்கள் போன்ற மேடுகள் இருக்கின்றன. கன்றின் கொடி ஒவ்வொரு மேட்டையும் கைவிரல்கள் கோத்ததுபோல் பற்றியிருக்கும். ஈன்ற சில மணிநேரத்தில் பிடி தானே தளர்ந்து கொடி விழுந்துவிடும். பன்னிரண்டு மணிநேரம் கடந்தும் விழாவிட்டால் ஊரில் என்ன செய்கிறார்கள்? தொங்கும் கொடியில் கல்லைக் கட்டுகிறார்கள். பழஞ்செருப்பைக் கட்டுவோரும் உண்டு. கோத்த விரல்களைப் பிரிக்காமல் கையை இழுப்பதற்கு ஒப்பானது இது. மேடுகள் கிழிந்து குருதி பெருகும். கருப்பையே வெளித்தள்ளிவிடலும் நேரும். சீழ்பிடித்தால் அடுத்த சினைக்கு வழியில்லை. அப்போதும் பசுவுக்குத்தான் மலடு என்ற பெயர். கொடியைத் தொடாமல் விட்டு மருத்துவரை அழைப்பதே செய்யத்தக்கது.

நம் நேயர்களில் மிகப் பலருக்குச் சொந்தத் தொழுவம் இருக்காது. ஆயினும் தருமபுரியிலோ ஈரோட்டிலோ திருவாரூரிலோ ஒரு தம்பி இருப்பார். அவரிடம் இரண்டு மாடு இருக்கும். "பசு மூன்று ஊசிக்கும் நிற்கவில்லை அண்ணா, விற்றுவிடலாமா?" என்று அவர் ஒருநாள் தொலைபேசியில் கேட்பார். விலை என்ன வரும் என்று நாம் கேட்பதற்கு முன்பு வேறு சிலவற்றைக் கேட்கலாம். அது இரட்டையில் பிறந்ததா? கடைசி ஈற்றில் கொடி விழுந்ததா, இழுத்தார்களா? காளைக்கு விட்டதாயின் அக்காளை அண்மையில் காய்ச்சலில் கிடந்ததா? பசு கத்தியது எந்நேரம், மற்றொரு மாடு ஏறும்போது விலகாமல் நின்றது எந்நேரம், ஊசி போட்டது எந்நேரம்? காலையில் நின்றிருந்தால் அன்று மாலையிலும், மாலையில் நின்றிருந்தால் மறுநாள் காலையிலும் போட்டார்களா? அடுத்த இருபத்தொன்றாம் நாள் எந்தத் தேதியில் வருகிறது என்று சுவர்நாட்காட்டியில் குறிக்கச் சொல்லி, அன்று விடியற்காலை நான்கு மணிக்கு ஒருமுறை தொழுவத்தை எட்டிப் பார்க்கும்படி அவரிடம் சொல்லலாம்.